தனி: ஊரும் ஊராட்சியும் குறித்து

குன்றாண்டார்கோவில் என்ற பெயருக்கு இன்றைக்கு இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று, பாறையைக் குடைந்த சிவன் கோயிலும், சக்கரமும் குதிரையும் செதுக்கிய தேர் வடிவ மண்டபமும் உள்ள ஊர். மற்றது, புதுக்கோட்டை மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்று. வரலாறு தேடி வருகிறவர்கள் முதலாவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒன்றியம் அரசாங்கச் சமாச்சாரம், பி.டி.ஓ. ஆபீஸ் சமாச்சாரம், அதில் என்ன வரலாறு என்று கேட்பார்கள். இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி. குடைவரைச் சுவரில் இருக்கும் கல்வெட்டுக்கும் ஊராட்சித் தீர்மான நோட்டுக்கும் இடையில் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கிறது: யார் யார் சேர்ந்தால் அது ஊர்?

உள்ளாட்சியைத் திருத்தி அமைப்பது பற்றி நம்மிடம் பேச்சுக்குக் குறைவில்லை. பெரிய ஒன்றியத்தைப் பிரி, சின்ன ஊராட்சிகளைச் சேர், நகரத்தோடு இணை, வார்டைக் கூட்டு. எல்லாமே வரைபடத்தின் மேல் பென்சில் ஓட்டுகிற வேலை. குளத்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தப் பென்சில் புதிதில்லை. வட்டத்துக்குப் பெயர் குளத்தூர், தாலுகா ஆபீஸ் இருப்பது கீரனூரில், ஒன்றியத்துக்குப் பெயர் குன்றாண்டார்கோவில். 2008 தொகுதி மறுவரையறைக்குப் பிறகு சட்டமன்றத்துக்குக் கந்தர்வகோட்டை. அதுவும் தனித் தொகுதி. ஒரே குடியானவன் நாலு எல்லைகளுக்குள் நிற்கிறான். ஆனால் எந்தப் பென்சிலும் தொடாத கோடு ஒன்று உண்டு. ஊருக்கும் சேரிக்கும் நடுவே போகிறது அது. இந்தக் கட்டுரை அந்தக் கோட்டைப் பற்றியது.

1

உள்ளாட்சி என்றதும் மேடையில் முதலில் வருவது உத்திரமேரூர். பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலை, முப்பது குடும்பு என்று ஆரம்பித்துவிடுவார்கள். பள்ளிப் பாடத்திலிருந்து கட்சி மாநாடு வரை இதே பெருங்கதையாடல்: உலகத்துக்கு ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம். கல்வெட்டைக் கொஞ்சம் நிதானமாக வாசித்தால் வேறொன்று தெரிகிறது. பெயர் எழுதிக் குடத்தில் போடத் தகுதி யாருக்கு? கால்வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குக் கீழ் வயது வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது ஒரு சதுர்வேதிமங்கலத்துச் சபை. அங்கே உழுதவனுக்கும் பறையடித்தவனுக்கும் எந்தப் பெண்ணுக்கும் ஓலை கிடையாது. அவ்வளவு நுணுக்கமாகத் தேர்தல் விதி எழுதிய கை, யாரை வெளியே நிறுத்துவது என்பதையும் அதே நுணுக்கத்தோடு எழுதியிருக்கிறது.

பிராமணர் இல்லாத ஊர்களில் 'ஊர்' என்றே ஒரு அவை இருந்தது. நிலம் வைத்திருந்தவர்களின் கூட்டம் அது. அதற்கு மேலே நாடு. சோழ நாட்டின் அரசியல் நிலவியலை ஆராய்ந்த எ. சுப்பராயலு, நாடு என்பது அரசன் மேலிருந்து வெட்டிக் கொடுத்த துண்டு இல்லை, வேளாண் ஊர்கள் கூடித் தாமாக உருவான தொகுதி என்று காட்டினார். முதலாம் இராசராசன்தான் அதன் மேல் வளநாடு என்ற புதிய அடுக்கை வைத்தான். அதற்கு ஆறுகளையும் வாய்க்கால்களையும் எல்லையாகப் பிடித்தான். நம் வரலாற்றில் பெரிய அளவில் நடந்த நிர்வாகச் சீரமைப்புகளில் அதுவும் ஒன்று. அதே இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள், வரி போடாமல் கழித்துவிட வேண்டிய நிலங்களைப் பட்டியல் போடுகின்றன. ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணசேரி, சுடுகாடு என்று அந்தப் பட்டியல் போகும். ஊர்நத்தம் ஒரு இனம், பறைச்சேரி வேறொரு இனம். அரசு கணக்கு எழுதும்போதே மனிதர்கள் வாழும் இடம் இரண்டாகிவிட்டது. வளநாட்டு எல்லை மாறியது, பெயர் மாறியது, பிறகு சோழனே போய்ச் சேர்ந்தான். அந்த இரண்டு இனம் மட்டும் அப்படியே நின்றது.

புதுக்கோட்டைச் சீமை காவிரிப் பாசனம் இல்லாத வறண்ட பூமி. கண்மாயும் ஏரியும்தான் சோறு. வெள்ளாற்றுக்கு வடக்கே கோனாடு, தெற்கே கானாடு என்பார்கள். இங்கே ஒரே மாதிரியான ஊர்கள் எப்போதும் இருந்ததில்லை. நார்த்தாமலையில் வணிகர்களின் நகரம் இருந்தது. ஆவூரில் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் சேசு சபைப் பாதிரிகள் வந்து தங்கினார்கள். கள்ளர், முத்தரையர், உடையார், வலையர், பள்ளர், பறையர், இசுலாமியர் என்று பல சனங்கள் அடுத்தடுத்து வாழும் பகுதி இது. பாண்டியர், விசயநகரக் காலத்துக் கல்வெட்டுகளில் இந்தச் சீமையின் ஊரார்கள் பாடிகாவல் உரிமையை அரையர்களுக்கு விற்றுக் கொடுப்பதைப் பார்க்கிறோம். ஊரைக் காக்க ஆள், அந்த ஆளுக்கு விளைச்சலில் பங்கு. காவல், தண்ணீர், வரி மூன்றும் யார் கையில் இருந்ததோ அவர்களே ஊர்.

2

தொண்டைமான்களின் அரசு இந்தக் காவல் உறவின் மேல் எழுந்த அரசு. நிக்கலஸ் டர்க்ஸ் 1987இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் புதுக்கோட்டையை முன்வைத்து ஒரு விசயத்தை விரிவாகச் சொன்னார்: சாதி என்பது மதத்தில் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை, அரசன் கொடுத்த மானியத்திலும், பட்டத்திலும், கோயில் மரியாதையிலும் அது உருவாகி வந்தது. கள்ளர் நாடுகள், நாட்டு அம்பலம், ஊர் அம்பலம், முதல் மரியாதை. இவைதான் அன்றைய உள்ளாட்சி. தீர்ப்புச் சொல்வதும், கண்மாய் மடையைத் திறப்பதும், திருவிழா நாள் குறிப்பதும் ஒரே கூட்டத்தின் வேலை. மற்றவர்களுக்கும் அந்த அமைப்புக்குள் இடம் இருந்தது என்று சிலர் வாதிடுவார்கள். இருந்தது உண்மைதான். பறை அடிக்க, மடை காக்க, செத்ததைச் சொல்ல, செத்த மாட்டைத் தூக்க. கடமைக்கு உள்ளே, முடிவுக்கு வெளியே. இப்படி ஒரு இடம்.

சேஷையா சாஸ்திரி திவானாக இருந்தபோது 1888இல் நடந்த இனாம் தீர்வை இந்தப் பழைய மானிய உறவை ரூபாய்க் கணக்காக மாற்றியது. 1902இல் பிரதிநிதிகள் சபை வந்தது. 1924இல் சட்டசபை வந்தது. ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்று மூன்று தாலுகாக்கள். நவீன அரசின் சட்டகம் ஒவ்வொன்றாகப் பொருத்தப்பட்டது. 1948 மார்ச் 3இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. 1974 ஜனவரி 14இல் தனி மாவட்டம். மேலே இத்தனை நடந்தும் அம்பலம் கலைக்கப்பட்டதாக எந்த அரசாணையும் இல்லை. கலைக்க முடியாது. அது சட்டப்படி உண்டாக்கப்பட்ட ஒன்றாக இருந்தால்தானே கலைக்க.

3

சமஸ்தானம் இணைந்த அதே 1948இல் டில்லியில் அரசியல் நிர்ணய சபை கூடியிருந்தது. நவம்பர் 4ஆம் தேதி வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தை அடிப்படை அலகாகக் கொள்ளாமல் தனிமனிதரைக் கொண்டதற்காகச் சந்தோசப்பட்டார். கிராமம் என்பது அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் அடைந்து கிடக்கும் இடம் என்று அவர் சொன்னது பல உறுப்பினர்களைக் கொதிக்க வைத்தது. அந்த மாதமே கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தம் ஏற்கப்பட்டு, கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க அரசு முயல வேண்டும் என்ற பிரிவு நுழைந்தது. இன்றைய 40ஆவது பிரிவு அதுதான். திருத்தம் கொண்டுவந்தவர் ஒரு தமிழர் என்பதில் நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் அம்பேத்கர் எழுப்பிய கேள்விக்கு அந்தத் திருத்தத்தில் பதில் இருந்ததா? கிராமத்துக்கு அதிகாரம் என்றார்கள். கிராமத்துக்குள் யாருக்கு என்று சொல்லவில்லை.

அந்த மௌனத்தோடுதான் 1958ஆம் வருடத்துச் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. பல்வந்த்ராய் மேத்தா குழு 1957இல் அறிக்கை தந்த கையோடு, காமராசர் ஆட்சியில், ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தன. ஜில்லா போர்டுகள் போயின. வட்டார வளர்ச்சிக்காகப் போட்ட பிளாக்குகளே ஒன்றியங்களாயின. பள்ளிக்கூடம், ரோடு, கிணறு, மருந்தகம் என்று உருப்படியான வேலைகள் நடந்தன. அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கிணறு எங்கே வெட்டப்பட்டது என்று பாருங்கள். ஊருக்கு ஒரு கிணறு, காலனிக்கு ஒரு கிணறு. ஆரம்பப் பள்ளியும் மாரியம்மன் கோயிலும் ரேஷன் கடையும் ஊர்ப் பக்கம். தொகுப்பு வீடும் சுடுகாட்டுப் பாதையும் அந்தப் பக்கம். வளர்ச்சி பழைய கோட்டை அழிக்கவில்லை, சிமெண்டு போட்டுப் பூசிவிட்டது.

தேர்தலும் ஒழுங்காக நடக்கவில்லை. 1970க்குப் பிறகு 1986, அப்புறம் 1996. இடைப்பட்ட காலமெல்லாம் தனி அலுவலர்கள். அந்தக் காலத்தில் ஊராட்சி தூங்கியது, ஊர் தூங்கவில்லை. எங்கள் பக்கத்தில் யாரிடமும் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். 'ஊருல முடிவு பண்ணிட்டாங்க' என்பார்கள், 'ஊருல சொன்னா கேக்கணும்' என்பார்கள். இந்த 'ஊர்' என்கிற எழுவாய்க்குள் காலனிக்காரர் வருவதில்லை. அவர் பேசும்போதும் 'ஊர்க்காரங்க' என்பது மற்றவர்களைத்தான் குறிக்கும். தமிழ் இலக்கணத்தில் இதற்கு இடவாகுபெயர் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஊர் சிரித்தது என்றால் ஊரிலுள்ள மனிதர்கள் சிரித்தார்கள் என்று அர்த்தம். எல்லா மனிதர்களுமா? இலக்கண வகுப்பில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

4

73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல். மக்கள்தொகை விகிதப்படி தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பழங்குடியினருக்கும், மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கும் உறுப்பினர் பதவிகளிலும் தலைவர் பதவிகளிலும் ஒதுக்கீடு. 2016இல் பெண்கள் பங்கு பாதியானது. என் வாசிப்பில் ஆயிரம் வருடத்து உள்ளாட்சி வரலாற்றில் நடந்த ஒரே உண்மையான சீரமைப்பு இதுதான். மற்றவையெல்லாம் எல்லையைத் திருத்தின. இது நாற்காலியைத் தொட்டது.

தொட்டதும் என்ன நடந்தது என்பது இந்த இதழின் வாசகர்களுக்குத் தெரியாததல்ல. மேலவளவில் தலைவராக வென்ற முருகேசனும் உடனிருந்தவர்களுமாக ஆறு பேர் 1997 ஜூன் 30இல் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் நான்கிலும் பத்து வருடம் தேர்தலை நடக்கவிடவில்லை. வேட்புமனு வராது, வந்தால் ஊர் நிறுத்திய ஆள் ஜெயித்து அன்றைக்கோ மறுநாளோ ராஜினாமா எழுதிக் கொடுப்பார். 2006 அக்டோபரில்தான் அங்கே தலைவர்கள் பதவியில் உட்கார்ந்தார்கள். 2020இல் தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவரான தலித் பெண் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியானது. அதே வருடம் ஆத்துப்பாக்கத்தில் ஒரு தலித் பெண் தலைவர் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார்.

இவற்றையெல்லாம் 'அசம்பாவிதங்கள்' என்று எழுதிப் பழகிவிட்டோம். இரண்டு அமைப்புகளுக்கு நடுவே நடக்கும் அதிகாரப் போட்டியாகத்தான் இவற்றை வாசிக்க வேண்டும். ஒரு பக்கம் சட்டம் உண்டாக்கிய ஊராட்சி. மறுபக்கம் சட்டத்துக்கு முந்திய ஊர். ஒதுக்கீடு இல்லாத காலத்தில் இரண்டுக்கும் சண்டை வரவில்லை. ஒரே ஆட்களே இரண்டிலும் இருந்தார்கள். ஒதுக்கீடு வந்ததும் இரண்டும் பிரிந்து எதிரெதிரே நிற்கின்றன. வெட்டு, குத்து எல்லா இடத்திலும் தேவைப்படுவதில்லை. நுட்பமான வழிகள் உண்டு. தலைவர் பதவியைக் கோயிலுக்குப் பணம் என்று சொல்லி ஏலம் விடுவது ஒன்று. ஒவ்வொரு தேர்தலின்போதும் செய்தி வருகிறது, தேர்தல் ஆணையம் எச்சரிக்கிறது, ஏலம் நடக்கிறது. செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது இன்னொன்று. தலைவர் பதவி ஒதுக்கீட்டில் போனால் துணைத் தலைவர் பதவியைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போடாமல் இருந்தால் போதும். தெருவிளக்கு எரியாது, மோட்டார் ஓடாது, கடைசியில் 'அந்தம்மாவுக்கு நிர்வாகம் தெரியல' என்று பேச்சு வரும். சுழற்சி முறை வேறு இருக்கிறது. இந்த நாற்காலி இன்னும் கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடும் என்று ஊர் காத்திருக்கலாம். காத்திருப்பதற்கு ஊரிடம் நிலமும் நேரமும் உண்டு.

5

இங்கேதான் 'தனி' என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒதுக்கீடு செய்த தொகுதியைத் தமிழில் தனித் தொகுதி என்கிறோம். தேர்தல் முடிவுப் பட்டியலில் அடைப்புக்குறிக்குள் (தனி) என்று போடுவார்கள். ஆனால் அந்தத் தொகுதியில் ஓட்டுப் போடுவது எல்லாரும். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் தனி வாக்காளர் தொகுதியை விட்டுக்கொடுத்துப் பெற்ற ஏற்பாடு இது. பொதுவானதற்குள் ஒரு இடம். பெயர்தான் தனி, பொருள் பொது.

ஊருக்குள் இதற்கு நேர் தலைகீழ். தனித் தொட்டி, தனிச் சுடுகாடு, தனிப் பாதை, தனிச் சமுதாயக்கூடம். இவை பொதுவிலிருந்து வெளியே எடுத்து வைப்பவை. குன்றாண்டார்கோவிலுக்கு அடுத்த அன்னவாசல் ஒன்றியத்தில், முத்துக்காடு ஊராட்சியைச் சேர்ந்த வேங்கைவயலில் 2022 டிசம்பர் 26 அன்று தலித் மக்கள் குடித்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. மறுநாள் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் போனபோது டீக்கடையில் இரட்டைக் குவளையும், கோயிலுக்குள் விடாத வழக்கமும் சேர்ந்து வெளியே வந்தன. 2025 ஜனவரியில் குற்றப்புலனாய்வுத் துறை அந்த ஊர்த் தலித்துகள் மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. பாதிக்கப்பட்ட மக்களும் பல இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எனக்குத் தைக்கிறது வேறு: அந்தக் குற்றத்தைச் செய்ய முடிந்ததற்கே முன்நிபந்தனை என்ன? யார் குடிக்கும் தண்ணீர் என்று அடையாளம் போட்ட ஒரு தொட்டி. ஊர் முழுவதற்கும் ஒரே தொட்டி என்றால் இன்னாருக்கு என்று பார்த்து அதில் எதையும் கலக்க முடியாது.

அந்தத் தொட்டி வன்மத்தால் கட்டப்பட்டதில்லை. நலத்திட்டமாகக் கட்டப்பட்டது. பலதரப்பட்ட மக்களுக்கும் சேவை போய்ச் சேர வேண்டும் என்ற நல்லெண்ணம்தான் தமிழகம் முழுக்கக் காலனிக்குத் தனித் தொட்டி, தனி மயானம், தனி ரோடு என்று எஸ்டிமேட் போட்டது. பன்மையை மதிக்கும் நிர்வாகம் இப்படித்தான் பிரிவினையின் காண்டிராக்டராகவும் ஆகிறது. சமத்துவபுரங்களைக்கூட இந்தக் கோணத்திலிருந்து பார்க்கலாம். 1998இல் மேலக்கோட்டையில் முதலாவது திறக்கப்பட்டது. நூறு வீடு, எல்லாச் சாதியும் கலந்து, பொதுச் சுடுகாடு. நல்ல கனவு. ஆனால் அது ஊருக்கு வெளியே புது மனையில் கட்டிய கனவு. பழைய ஊர் பழைய இடத்திலேயே இருந்தது.

இதற்கு ஒரு மறுப்பு வரும், வர வேண்டும். அம்பேத்கர் முன்னின்ற இயக்கமே 1942இல் நாகபுரி மாநாட்டில் தனிக் குடியிருப்புகள் வேண்டும் என்று தீர்மானம் போடவில்லையா? போட்டது. சாதி இந்துக் கிராமத்தை அண்டிப் பிழைக்கும் நிலையிலிருந்து விடுபட, சொந்த நிலத்தோடு சொந்த ஊர். அந்தத் 'தனி'யைக் கேட்டவர்கள் அவர்களே. அதன் நோக்கம் தப்பித்தல். தனித் தொட்டியின் 'தனி'யைத் தீர்மானித்தவர்கள் மற்றவர்கள். அதன் விளைவு ஒதுக்கல். ஒரே சொல் யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து ஆயுதமாகவும் இருக்கும், சுவராகவும் இருக்கும். இதே மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். அடிமைகள் மாதிரி கல் உடைத்த பெண்கள் குத்தகைதாரர்களானார்கள். அறிவொளி இயக்கத்தில் அவர்கள் சைக்கிள் ஓட்டியதை எல்லாரும் எழுதினார்கள். சைக்கிளைவிடக் குவாரி முக்கியம். அங்கே ஊரின் அனுமதியைக் கேட்காமல் பொதுச் சொத்து கைமாறியது. அதனால்தான் குத்தகைக்காரர்கள் அத்தனை எதிர்ப்புக் காட்டினார்கள்.

6

ஆகவே உள்ளாட்சியை மறுசீரமைப்பது என்று நாம் பேசும்போது எதைப் பேச வேண்டும்? ஒன்றியத்துக்கு எத்தனை ஊராட்சி என்பது அதிகாரிகளின் கணக்கு. நம் கணக்கு வேறு. ஊர் தன் கையில் வைத்திருக்கும் பொதுச் சொத்துகளை, அதாவது கண்மாய் மீன் ஏலம், புளியமர ஏலம், மந்தை, பாதை, சுடுகாடு, குடிதண்ணீர் ஆகியவற்றை ஊராட்சியின் பதிவேட்டுக்கும் கிராமசபைக்கும் கொண்டுவருவது முதல் வேலை. பல ஊர்களில் கண்மாய் ஏலத்தை ஊர்க்கூட்டமே நடத்திப் பணத்தைத் திருவிழாவில் கரைக்கிறது. அந்தப் பணத்தில் காலனிக்கும் பங்கு உண்டு என்று கிராமசபையில் தீர்மானம் போட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் ஊர் எங்கே இருக்கிறது என்று. இரண்டாவது, இனிக் கட்டும் தொட்டியும் மயானமும் கூடமும் பொதுவாக மட்டுமே கட்டப்பட வேண்டும். மூன்றாவது, ஒதுக்கீட்டுத் தலைவரின் கையெழுத்தை இன்னொருவர் முடக்கி வைக்க முடியாதபடி செக் அதிகாரத்தைத் திருத்த வேண்டும். நான்காவது, கிராமசபையைக் காலனியில் கூட்ட வேண்டும். வருடத்துக்கு ஆறு கிராமசபை என்று ஆக்கியாயிற்று. ஆறில் மூன்றையாவது அங்கே கூட்டினால் ஊர் அங்கே நடந்து வர வேண்டியிருக்கும். வராது என்றால் அதுவே நோட்டில் பதிவாகட்டும்.

இவற்றில் எதற்கும் புது எல்லை வேண்டாம். இதைச் சொல்லக் காரணம், எல்லை மாற்றுவதில் இருக்கும் அவசரம் வேறு எதிலும் இல்லை என்பதுதான். 2024இல் புதுக்கோட்டை நகராட்சி மாநகராட்சியானது, சுற்றியிருந்த ஊராட்சிகள் சேர்க்கப்பட்டன. அந்தக் காலத்தில் தமிழகத்தின் பல ஊர்களில் இப்படி இணைப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறிவிடும் என்றார்கள். எல்லையைப் பற்றிக் கவலைப்படாத மக்கள் கூலியைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். நியாயம்தானே.

தேர்தல் கதையோ பழையபடியே ஓடியது. 2016 தேர்தல் அறிவிப்பைப் பழங்குடியினர் ஒதுக்கீட்டில் குறை என்று உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு மூன்று வருடத்துக்கு மேல் தனி அலுவலர்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து வந்த தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. பொறுப்பு மறுபடியும் தனி அலுவலர்களிடம் போனது. இந்த 'தனி'யும் நம் பட்டியலில் சேர வேண்டியதே. தேர்தல் நடக்காத ஒவ்வொரு வருடமும் முதலில் காணாமல் போவது ஒதுக்கீட்டு நாற்காலிதான். பொது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு ஊர்க்கூட்டம் இருக்கிறது, கோயில் கமிட்டி இருக்கிறது, கண்மாய் இருக்கிறது. ஒதுக்கீட்டில் வந்தவருக்கு ஊராட்சி ஒன்றுதான் இருந்தது. அதனால் வரையறை முடியவில்லை, வார்டு பிரிக்கவில்லை என்று தேர்தலைத் தள்ளிப்போடும்போது, அந்தத் தாமதம் எல்லாருக்கும் சமமான தாமதம் இல்லை. உள்ளாட்சித் தேர்தலை உடனே நடத்து என்ற கோரிக்கையை நாம் இதுவரை நிர்வாகக் கோரிக்கையாகவே எழுப்பி வந்திருக்கிறோம். அதைச் சாதி ஒழிப்புக் கோரிக்கையாக எழுப்ப வேண்டும்.